அம்மா பக்கத்து இடம்

கல் விழுகிறது. டம். வேன் கூரைமேல். இன்னொன்று. டங். அது பக்கத்துத் தகரம். மூன்றாவது கல் பின்கண்ணாடியில் படுகிறது. கண்ணாடி கொட்டவில்லை. நரம்பு நரம்பாக விரிசல் விடுகிறது.

"குனி ரூபி! தலைய கீழ வை!"

கத்துவது ரஃபீக் அண்ணன். அவர்தான் வேன் ஓட்டுகிறார். ரிவர்ஸ் கியர் விழமாட்டேன் என்கிறது. கறக் கறக் என்று சத்தம். நான் பின்னால் தரையில் இருக்கிறேன். என் பக்கத்தில் என் அண்ணன் தானியேல். வெள்ளைப் பையில் இருக்கிறான். ஜிப் போட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டிய பை. நான் அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். செத்தவனுக்குக் கல் பட்டால் வலிக்காது. தெரியும். ஆனாலும் படுத்துக்கொண்டேன்.

இரண்டாவது அலை சமயம். ஊரடங்கு. உச்சி வெயில். இடம், எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்து கேட். கல் எறிந்தவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. எங்கள் தெரு. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்கள். பாட்டுப் புத்தகம் கொண்டு வராத நாளில் எனக்குத் தங்கள் புத்தகத்தை நீட்டினவர்கள்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் இருக்கட்டும். இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருந்தால் நடக்காததாக ஆகிவிடும் என்று இருக்கிறார்கள். நடந்தது. நான் அந்த வேனுக்குள் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில். அண்ணனுக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடி கழற்றுகிற இடம். நான் வீட்டிலேயே ஷூவுக்குக் கையால் தைக்கிற வேலை. அப்பா சின்ன வயதிலேயே இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவும் போனாள். அம்மாவைக் கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரம் வேப்ப மரத்தடியில் வைத்தோம். அவள் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடம் காலி. அண்ணன் அங்கே புல் பிடுங்கும்போதெல்லாம் சொல்வான்.

"இது என் எடம். நீ கட்டிக்கினு போற ஊர்ல உனக்குப் பாத்துக்கோ."

"போடா. உன் பொண்டாட்டி எங்க படுப்பா?"

"அவ என்னைய நெனச்சி அழுதுக்கினு நூறு வருஷம் இருப்பா."

பொண்டாட்டி வரவே இல்லை. அவனுக்கு இருபத்தாறு வயது.

அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல ஒரு விஷயம் போதும். பெரிய வியாழக்கிழமை ஆராதனையில் எங்கள் பாஸ்டர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் கமிட்டி ஆட்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். ஒரு வருஷம் ஒருத்தர் வரவில்லை. பெஞ்சில் இடம் காலி. பின்னால் நின்றிருந்த அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவன் கால் சுண்ணாம்பு தின்ற கால். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெடித்திருக்கும். பாஸ்டர் பதினொரு பேர் காலைக் கையில் பிடித்துக் கழுவினார். துண்டால் துடைத்தார். அண்ணன் காலுக்கு மட்டும் மேலே இருந்து தண்ணீர் ஊற்றினார். தொடவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் சிரித்தான். கோபமே இல்லை.

"கால் கழுவறதுன்னா புடிச்சிக் கழுவணும் ரூபி. பாவம், அவருக்கு பயம்."

அது முன்பு. பிறகு நோய் வந்தது.

முதலில் தெருவில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். வாசனை தெரியவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். டேனரி முடிந்து வந்த ஆட்கள் ஆட்டோவை நிறுத்திக் கேட்டார்கள்.

"எங்களுக்கு வாசனை போயி பத்து வருஷம் ஆச்சிபா. எந்த ஆஸ்பத்திரி?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அது உண்மைதான். தொட்டி வேலை செய்கிறவனுக்கு மூக்கு செத்துவிடும். மல்லிகைப் பூவை அண்ணன் மூக்குக்கு நேராகப் பிடித்தாலும் "கலர் நல்லா இருக்கு" என்பான்.

பிறகு சாவு வந்தது. சபையில் முதல் சாவு. குழி வெட்டுகிற ஆள் சொந்த ஊருக்கு ஓடிவிட்டார். இறந்தவரின் மகன்களே கிட்டே வரவில்லை. பாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

"தானி, நீதான்பா. வேற யாரையும் கேக்க முடியல. யாருக்கும் தெரிய வாணாம். சபை பயந்துடும். காலையில இருட்டு பிரியறதுக்குள்ள கேட்டைத் தொறந்து விடறேன்."

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அம்மா பக்கத்துல வச்சிடுங்க பாஸ்டர்."

"அத நான் பாத்துக்கறேன். ஆண்டவர் சாட்சி."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த வார்த்தையை இரண்டு காதாலும் கேட்டேன்.

டேனரியில் லோடு வேன் ஓட்டுகிற ரஃபீக் அண்ணன் சேர்ந்தார். இருவரும் ஒரே ஷிப்ட். தோஸ்த். ரஃபீக் அண்ணனின் தம்பிகள் இருவரும் வந்தார்கள். டேனரி கம்பூட்ஸ், டேனரி ரப்பர் ஏப்ரன், டேனரி கையுறை. முகத்தில் இரண்டு மாஸ்க். யார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கு அதுதான் பிடித்தது. செய்தது யார் என்று தெரிந்துவிட்டால் நன்றி சொல்ல வருவார்கள், அப்புறம் அது தனக்காகச் செய்ததாக ஆகிவிடும் என்பான். புறப்படும் முன் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டே ஜெபம் பண்ணுவான். பெரிய ஜெபம் இல்லை. "ஆண்டவரே, கை நடுங்கக் கூடாது." அவ்வளவுதான்.

என் பங்கு வார். முதல் சாவில் கயிறு கட்டி இறக்கினார்கள். கயிறு பையை அறுத்தது. அண்ணன் பயந்து போனான். அதனால் ஷூ வெட்டி மீந்த தோலை ஒட்டு ஒட்டாகச் சேர்த்து, இரட்டை மடிப்பு மடித்து, மெழுகு நூல் போட்டுக் கையால் தைத்தேன். அகலமான இரண்டு வார். ஒன்று தோளுக்கு. ஒன்று காலுக்கு. இறக்கியதும் உருவி எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் பின்னால் பிளீச்சிங் தண்ணீரில் கழுவிக் காயப்போடுவேன். தோல் விறைக்காமல் இருக்க எண்ணெய் தடவுவேன். ஊர் எழுந்திருக்கும்போது அது கொடியில் தொங்கும். எருமை கட்டுகிற வார் என்று நினைத்திருப்பார்கள். எங்களிடம் எருமை இல்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செத்தவர்களின் வீட்டில் எல்லாரும் நெஞ்சு வலி என்றார்கள். நோய் என்று சொன்னால் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். கடையில் சாமான் தரமாட்டார்கள். அதனால் எல்லா வீட்டிலும் நெஞ்சு வலி. பாஸ்டரும் அப்படித்தான் சொன்னார்.

எதிர் வீட்டு எஸ்தர் அத்தையின் வீட்டுக்காரரும் போனார். எங்களுக்குச் சொந்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுக்கு ஒருத்தர் மட்டும் மதிலுக்கு வெளியே நிற்கலாம். அத்தை நின்றார். இறக்குவதற்கு முன் அண்ணன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிவிட்டு இறக்குவான். வெளியே நிற்பவருக்குக் காது கேட்க வேண்டும், தங்கள் ஆளைக் குப்பை மாதிரிக் கொட்டவில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அன்றைக்குப் பழக்கத்தில் பெயர் வரவில்லை.

"மாமா, இறக்கறோம்" என்றுவிட்டான்.

அத்தைக்குக் குரல் தெரிந்துவிட்டது. மறுநாள் எங்கள் வாசலில் ஒரு தூக்குச் சட்டி இருந்தது. கறிக்குழம்பு. கூட ஒரு வார்த்தையும் இல்லை. அண்ணன் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். "வாசனை எப்படி இருக்கு சொல்லு" என்று என்னைக் கேட்டான். பட்டை, கிராம்பு எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அவனுக்கு நோய் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு முதலில் வாசனை போனது. அதை வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்தார்கள். இவனுக்குப் போவதற்கு வாசனை ஏது. உடம்பு வலி என்றான். குழி வெட்டின வலி என்று நினைத்தோம். இருமினான். சுண்ணாம்பு என்று நினைத்தோம். வாசலில் இருந்து குழாய் வரைக்கும் நடக்க முடியாமல் உட்கார்ந்தபோதுதான் ரஃபீக் அண்ணன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போனார். ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் இடம் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். நான் பார்த்தேன்.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை போனில் பேசினான். மூச்சு வாங்குகிறது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விசில் மாதிரி சத்தம்.

"வாருக்கு எண்ணெய் தடவுனியா?"

"தடவுனேன்ணா."

"இல்லன்னா வெடிச்சிடும்."

அதுதான் கடைசி. காலையில் போய்விட்டான்.

எங்களுக்கு அவன் உடலும் ஆஸ்பத்திரித் தாளும் கையில் கிடைக்கவே பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. இருட்டு பிரிவதற்குள் யாருக்கும் தெரியாமல் புதைக்கிற நேரம் தாண்டிவிட்டது. மறுநாள் வரை வைத்திருக்க முடியாது. ரஃபீக் அண்ணன் பாஸ்டருக்கு போன் பண்ணினார். கேட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றார் பாஸ்டர். ரஃபீக் அண்ணனின் தம்பிகள் எங்களுக்குப் பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள்.

ஊரடங்குக்காக மத்தியானம் கடை மூடுகிற நேரம். தெரு முழுக்க ஆள். வெள்ளைப் பையோடு வேன் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். நாங்கள் கேட்டை அடைவதற்குள் அவர்கள் அடைந்துவிட்டார்கள்.

"இங்க வாணாம்! எடுத்துக்கினு போ!"

"கொரோனா பொணத்த இங்க பொதைச்சா தண்ணியெல்லாம் கெட்டுடும்!"

பாஸ்டர் கேட்டுக்கு உள்ளே நிற்கிறார். அவர் கையில் சாவி. பூட்டு அவருக்கும் எனக்கும் நடுவில். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் கம்பி சுட்டது.

"பாஸ்டர், தொறங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குமேல் கூட்டத்தைப் பார்க்கிறார்.

"பாஸ்டர், இந்த மாதிரி இதுக்கு முன்னாடி இங்க பொதைச்சிருக்கா?" கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

கேட்டைத் திறந்தால் இத்தனை நாள் திறந்ததும் வெளியே வரும். அதை அவர் முகத்தில் பார்த்தேன். அவர் வாய் உலர்ந்திருந்தது. நாக்கால் உதட்டைத் தடவினார்.

"இல்லபா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கமிட்டி என்னா சொல்லுதோ அதான்."

ரஃபீக் அண்ணன் வண்டியை விட்டு இறங்கி வந்தார்.

"பாஸ்டர், நீங்களே தொறந்து விட்டீங்களே. நான் இருந்தேனே."

"நீ யாருபா? உங்க ஆளுங்க எடத்துல போய்ப் பேசு" என்றான் ஒருத்தன். அவனுடைய சின்னம்மாவை இறக்கினவர்களில் ரஃபீக் அண்ணனும் ஒருத்தர். அது அவனுக்குத் தெரியாது.

தெரியாதது தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். யார் என்று தெரிந்தால் விலகி வழி விடுவார்கள். தோளில் தூக்கிக்கொண்டு போனாலும் போவார்கள். அண்ணன் சொல்ல வேண்டாம் என்றது அவன் உயிரோடு இருந்தபோது. இப்போது அவனுக்கு ஓர் இடம் வேண்டும். நான் திரும்பி நின்று கத்தினேன்.

"உங்க வீட்டு ஆளுங்கள எல்லாம் இறக்குனது இவன்தான்! நெஞ்சு வலின்னு சொன்னீங்களே, அத்தனை பேரையும் கையால தூக்குனது என் அண்ணன்தான்! எஸ்தர் அத்தை, நீ சொல்லு. மாமாவ இறக்குனது யாரு? நீ மதில் பக்கத்துல நின்னியே."

கூட்டம் எஸ்தர் அத்தையைப் பார்த்தது. அவர் கையில் காய்கறிப் பை. முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். அவர் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் ஓர் அடி தள்ளிப் போனார்கள். நான் அதைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

"என் வீட்டுக்காரரு நெஞ்சு வலியில போனாரு" என்றார் அத்தை. "இன்னா பேசற நீ? உன் அண்ணன நான் எங்க பார்த்தேன்?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணைப் பார்த்து.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம்.

"அப்போ பொணத்தையெல்லாம் தொட்டுட்டு வந்து இதே குழாய்ல தண்ணி புடிச்சிருக்கான்!"

"இவன்தான்டா தெருவுக்குக் கொண்டாந்தவன்!"

"வாசனை தெரியலன்னா சொல்லணும்னு மைக்ல கத்திக்கினு போனாங்களே. இன்னாத்துக்கு மறைச்சான்?"

"அவனுக்கு மூக்கு செத்து எத்தினியோ வருஷம் ஆச்சி" என்றேன். "தொட்டி வேலை செய்றவனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாதா?"

யாரோ சிரித்தார்கள். ஆட்டோவை நிறுத்திக் கேட்டபோது சிரித்த அதே சிரிப்பு. அவர்களில் பாதிப் பேர் தொட்டி வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் கல் யார் எறிந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. டம். "வண்டில ஏறு!" என்று ரஃபீக் அண்ணன் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் நெற்றியில் ரத்தம். திரும்பிப் பார்த்தேன். பாஸ்டர் கேட்டுக்குள் பின்னால் பின்னால் நடந்து போகிறார். சாவி இடுப்பில் இடிக்கிறது. சிலுங் சிலுங். அவ்வளவு கூச்சலிலும் அது எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

கியர் விழுந்தது. பின்னாலேயே போனோம். மெயின் ரோடு வரைக்கும் பின்னாலேயே.

பாலாற்றங்கரையில் ஆளில்லாப் பிணங்களைப் புதைக்கிற இடம் ஒன்று உண்டு. கரைக்குக் கீழே. மணல். முள்ளுச்செடி. அண்ணன் அங்கேயும் சிலரைப் புதைத்திருக்கிறான். பெயர் தெரியாதவர்கள். பெயர் தெரியாததால் "ஐயா, இறக்கறோம்", "அம்மா, இறக்கறோம்" என்று சொல்லிப் புதைத்தானாம். ரஃபீக் அண்ணன் சொன்னார். அந்த இடத்துக்கே அவனைக் கொண்டு போனோம்.

ரஃபீக் அண்ணனும் தம்பிகளும் குழி தோண்டினார்கள். ரஃபீக் அண்ணன் நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தார். மணல் சரிந்து சரிந்து விழுந்தது. ஆழமாகத் தோண்ட முடியவில்லை. இறக்க நாலு பேர் வேண்டும். எப்போதும் நாலாவது ஆள் அண்ணன். அவன் பைக்குள் இருக்கிறான். நான் பிடித்தேன். அவனுடைய கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். என் காலுக்குப் பெரிசு. கால் பக்கத்து வார் என் கையில். நான் தைத்தது. ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும்.

யாராவது சொல்ல வேண்டும். ரஃபீக் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இறக்கறோம்" என்றேன்.

வாரை உருவ வேண்டும். நான் உருவவில்லை. என் முனையை உள்ளே விட்டுவிட்டேன். எதிர்முனையைப் பிடித்த தம்பியும் விட்டுவிட்டார். அது அவன்கூடவே போனது. ரஃபீக் அண்ணன் அவர்கள் முறையில் கையை ஏந்திக்கொண்டு நின்றார். நான் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. சிலுவைக்குக் குச்சி இல்லை. முள்ளுக் குச்சி இரண்டை மெழுகு நூலால் கட்டி நட்டேன். சாயந்திரம் பாஸ்டர் போன் பண்ணினார்.

"வீட்ல இருந்தே ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்மா. பயப்படாத."

"நீங்க பயப்படாதீங்க பாஸ்டர்" என்றேன். வைத்துவிட்டேன்.

அதே வருஷம் மழைக்காலம். பாலாறு வந்தது. நான் பிறந்ததிலிருந்து அது மணல்தான். அந்த வருஷம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்றது. பூ போட்டார்கள். மஞ்சள் குங்குமம் போட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். எங்கள் கோயிலில் தண்ணீர் தந்ததற்காக ஸ்தோத்திர ஆராதனை நடந்ததாம். நான் போகவில்லை. நான் பாலத்தில் இருந்தேன். கரைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளுச்செடி இல்லை. குச்சி இல்லை. மணலே இல்லை. செம்மண் தண்ணீர். ஓ என்ற ஒரே சத்தம்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். எஸ்தர் அத்தை. அன்றைக்குப் பிறகு என்னோடு பேசாதவர்.

"எந்த எடம்டீ?" என்றார். மெதுவாக.

கை தூக்கிக் காட்டலாம் என்று பார்த்தேன். காட்டுவதற்கு இடம் இல்லை. அத்தை தண்ணீரைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

போனதைச் சொல்லி முடிக்கிறேன். என் அண்ணன் தானியேல். அந்தக் கல்லடிக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு இந்த ஊரைவிட்டே போன ரஃபீக் அண்ணன். தோல் வார் ஒன்று. மற்றொன்று என்னிடம் இருக்கிறது, எண்ணெய் தடவாமல் வெடித்துவிட்டது. ஒரு தெரு நிறைய அத்தை, மாமா, சித்தி. ஞாயிற்றுக்கிழமை. கல்லறை ஒன்று, இரண்டு தடவை போனது. முதலில் கேட்டில். பிறகு ஆற்றில்.

அம்மா பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வெளியே இருந்து மதில் மேலாக எட்டிப் பார்த்தேன். புல் முளைத்திருக்கிறது.

எஸ்தர் அத்தையின் தூக்கும் என்னிடம் இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டு அவர் இன்னும் வரவில்லை.